தென்காசி – சபரிமலை பாதயாத்திரை: மெதுவாக நடக்கும் சாமியை வைத்துத் திட்டமிட்டால் எல்லோரும் போய்ச் சேரலாம்!

கார்த்திகை பிறந்துவிட்டால் தென்காசியில் இரண்டு வகை சாமிமார்களைப் பார்க்கலாம். வேனில் வந்து இறங்கி, காசி விஸ்வநாதரைக் கும்பிட்டு, குற்றாலத்தில் குளித்துவிட்டு, அன்று இரவே பம்பைக்குப் போய்விடுகிறவர்கள் ஒரு வகை. தலையில் இருமுடி, தோளில் ஜோல்னாப் பை, கையில் ஒரு கம்பு என்று சாலை ஓரமாக வரிசையாக நடந்து போகிறவர்கள் இன்னொரு வகை.

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், பத்தனம்திட்டா வழியாகப் பம்பைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். இந்த வழியில் முதல்முறை நடக்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளில் போய்ச் சேரலாம்?" என்பதுதான். ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "நம்ம குழுவில் யார் ரொம்ப மெதுவா நடப்பாங்க?"

கணக்கு எங்கே தப்புகிறது?

25 வயது இளைஞர் சமவெளியில் மணிக்கு 5 கி.மீ. நடப்பார். 60 வயதுக்காரர் இடையிடையே உட்கார்ந்து எழுந்து நடந்தால் மணிக்கு 3 கி.மீ. வரும். ஒரு நாளுக்கு 20 கி.மீ. என்று வைத்தால், முன்னவர் 4 மணி நேரத்தில் போய்விடுவார். பின்னவருக்கு கிட்டத்தட்ட 7 மணி நேரம் ஆகும்.

முன்னால் போனவர்கள் குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து காத்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா... கிளம்பலாமா?" என்பார்கள். ஆக, அதிகம் களைத்தவருக்குத்தான் குறைவான ஓய்வு கிடைக்கிறது. இரண்டாம் நாள் அவர் கால் வலியை வெளியே சொல்ல மாட்டார். விரதத்தில் இருக்கிறோம், சாமி பார்த்துக்கொள்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். மூன்றாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியாது. குழு பிரிவதும், பாதியில் ஊர் திரும்புவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு மருந்து எளிது. குழுவிலேயே மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும். வழி தெரிந்த, நல்ல உடல்வாகு உள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். தினமும் எத்தனை கி.மீ. என்பதை முன்னால் நடப்பவரின் கால் சொல்லட்டும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்

சபரிமலையில் மண்டல காலம் கார்த்திகை முதல் தேதி, அதாவது நவம்பர் மாதத்தின் நடுவில் தொடங்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் மண்டல பூஜை முடிந்து சில நாட்கள் நடை சாத்தியிருக்கும். மறுபடி மகரவிளக்குக்காக டிசம்பர் இறுதியில் திறப்பார்கள்.

தரிசனத்துக்கு ஆன்லைனில் தேதியும் நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும். நேரில் பதிவு செய்யும் வசதி இருந்தாலும், அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. பத்து நாள் நடந்து போகிறவர்கள் அதை நம்பிக் கிளம்புவது சரியல்ல. ஆகவே முதலில் தரிசனத் தேதி, அதிலிருந்து பின்னோக்கி நடக்கும் நாட்கள், அதற்கு முன்னால் 41 நாள் விரதக் கணக்கு என்று எண்ண வேண்டும். உதாரணமாக, டிசம்பர் 10-ம் தேதி தரிசனம் என்றால் அக்டோபர் கடைசியிலேயே மாலை போட வேண்டியிருக்கும். நடக்கும் நாட்களும் விரத நாட்களுக்குள்தான் அடங்கும்.

முக்கியமான ஒன்று: முன்பதிவுத் தேதிக்கு முன்னால் ஒரு நாளாவது உபரியாக இருக்க வேண்டும். கார்த்திகையும் மார்கழியும் வடகிழக்குப் பருவமழை மாதங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காக ஒரு நாள் தங்க நேர்ந்தால், அதை ஈடுகட்ட ராத்திரியில் ஓட்டமும் நடையுமாகப் போகும் நிலை வரக் கூடாது.

41 நாளும் பயிற்சி நாள்தான்

விரத காலத்தில் எப்படியும் விடியற்காலையில் எழுந்து குளிக்கிறார்கள். அப்படியே அரை மணி நேரம் நடந்தால் போதும், பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் வாரம் தினமும் 3 கி.மீ., பிறகு 5, பிறகு 8 என்று கூட்டிக்கொண்டே போகலாம். கடைசி இரண்டு வாரங்களில், அடுத்தடுத்த இரண்டு நாட்கள் 12 கி.மீ. வீதம் நடந்து பார்ப்பது நல்லது. ஒரு நாள் நடப்பதை எல்லோராலும் செய்ய முடியும். மறுநாள் காலையில் அதே காலோடு எழுந்து நடக்க முடிகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. தென்காசியிலிருந்து இலஞ்சி குமாரர் கோயில் வழியாகக் குற்றாலம் போய்த் திரும்பலாம். ஏறிப் பழக, பண்பொழி திருமலைக்கோயில் இருக்கிறது. அறுநூறுக்கு மேல் படிகள். ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நெஞ்சு அழுத்துகிறது, படபடக்கிறது என்றால், அங்கிருந்து நேராக டாக்டரிடம் போக வேண்டும். மலைக்குப் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

குற்றாலத்தில் குளித்துவிட்டு...

காசி விஸ்வநாதர் கோயில், 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. வெகுகாலம் சிதைந்து நின்ற ராஜகோபுரத்தைப் புதிதாக எழுப்பி 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். கோபுர வாசலில் நுழைகிறவர்களை எதிர்க்காற்று தள்ளுவது தென்காசிக்கே உரிய அனுபவம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாக வரும் காற்று அது. அந்த இடைவெளி வழியாகத்தான் யாத்திரையும் போகிறது.

பல குழுக்கள் செய்வது இதுதான்: காலையில் தென்காசியில் சாமி கும்பிட்டு, குற்றாலம் வந்து, அருவியில் ஆசை தீரக் குளித்து, சாப்பிட்டு, உச்சி வெயிலில் நடக்கத் தொடங்குவது. ஈர வேட்டியோடு நடந்தால் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகிவிடும். முதல் நாளே அந்தப் புண் வந்தால் பிறகு ஒவ்வொரு அடியும் வேதனை.

முந்தைய நாளே தென்காசி தரிசனத்தை முடித்துக்கொண்டு குற்றாலத்தில் தங்கிவிடலாம். விடியற்காலையில் குளித்து, திருக்குற்றாலநாதரைக் கும்பிட்டு, நன்றாகத் துவட்டி, உலர்ந்த வேட்டி கட்டிக் கிளம்பினால் செங்கோட்டைக்கு நேர்வழியாகவே போகலாம். தென்காசிக்குத் திரும்ப வேண்டியதில்லை. தொடை இடுக்கிலும் கால் விரல்களுக்கு இடையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது பழைய வழக்கம், பலனுள்ள வழக்கம்.

அருவியில் குளிக்கத் தடை என்று போலீஸார் கயிறு கட்டியிருந்தால், அதோடு விட்டுவிட வேண்டும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் சொல்லிவிட்டு வராது. விடுதிக் குழாயில் குளித்தாலும் விரதம் விரதம்தான்.

பத்து நாள் திட்டம்

வயதானவர்களும் கன்னிச்சாமிகளும் உள்ள குழுவுக்கு, பத்து நாள் கணக்கு பொருந்தும். தூரங்கள் எல்லாம் தோராயமானவை.

முதல் நாள்: குற்றாலம், செங்கோட்டை, புளியரை. 15 கி.மீ. வயலும் தோப்புமாகச் சமதளம். உற்சாகத்தில் இன்னும் போகலாம் என்று தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும், அடுத்தது ஏற்றம்.

இரண்டாம் நாள்: புளியரையிலிருந்து மலை ஏறி, கோட்டைவாசல் எல்லையைக் கடந்து ஆரியங்காவு. 10 கி.மீ.தான். ஆனால், வளைந்து வளைந்து ஏறும் சாலை. விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம். செங்கோட்டைப் பகுதி, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. ஆரியங்காவிலும் தமிழ் பேசிச் சமாளிக்கலாம். சாலையை விடத் தாழ்வான இடத்தில் இருக்கிறது சாஸ்தா கோயில். புஷ்கலாதேவியைத் தங்கள் குலத்துப் பெண்ணாகக் கருதும் மதுரை சௌராஷ்டிர சமூகத்தினர், பெண் வீட்டாராக வந்து இங்கே திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். டிசம்பர் பின்பாதியில் இந்த விழா வரும். அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது சிரமம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள்: தென்மலை, 12 கி.மீ. வழியில் கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் ரயில் பாலம், சாலையிலிருந்தே தெரியும். இறக்கம்தானே என்று வேகமாக நடப்பவர்களுக்குத்தான் முழங்காலும் கால் பெருவிரலும் பழுதாகின்றன. இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும்.

நான்காம் நாள்: புனலூர், 20 கி.மீ. மருந்துக் கடை, மருத்துவமனை, துணிக்கடை எல்லாம் உள்ள ஊர். கொப்புளம், சுளுக்கு இருந்தால் இங்கே காட்டிவிட வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் நாட்கள்: பத்தனாபுரம், கோந்நி வழியாகப் பத்தனம்திட்டா, 38 கி.மீ. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றமும் இறக்கமுமான சாலை. வண்டிப் போக்குவரத்து அதிகம்.

ஏழு முதல் பத்தாம் நாள் வரை: பத்தனம்திட்டாவிலிருந்து வடசேரிக்கரை, நிலக்கல் வழியாகப் பம்பை, 65 கி.மீ. வடசேரிக்கரையைத் தாண்டிச் சில கி.மீ. போனதும் காடு தொடங்கிவிடும். யானை நடமாடும் பகுதி. இந்தத் தூரத்தை இருட்டில் நடப்பதே கூடாது. எங்கே தங்குவது என்பதை முதல் நாளே விசாரித்து, மாலை 5 மணிக்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும்.

இளைஞர்கள் மட்டுமே உள்ள குழு இதையே ஆறேழு நாளில் முடிக்கலாம். பத்து நாள் லீவு கிடைக்காதவர்கள், குற்றாலத்திலிருந்து ஆரியங்காவு வரை இரண்டு நாள் நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். இன்னொரு வழி, அச்சன்கோவில். செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை வழியாக சுமார் 30 கி.மீ. பகல் வெளிச்சத்தில் மட்டும் நடந்து, இரண்டு நாளில் முடிக்கலாம். மார்கழி முதல் பத்து நாட்கள் அங்கே திருவிழா. ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து ஆரியங்காவு, தென்காசி வழியாகத்தான் அங்கே போகிறது. நீண்ட யாத்திரைக்கு முன்னால் ஒத்திகை பார்க்கவும் இந்த வழி ஏற்றது.

சாலைதான் பெரிய ஆபத்து

புலியும் யானையும் பயமுறுத்துகிற அளவுக்கு லாரி பயமுறுத்துவதில்லை. ஆனால், பாதயாத்திரையில் உயிர் போவது பெரும்பாலும் சாலையில்தான். செங்கோட்டை – புனலூர் சாலை, தேசிய நெடுஞ்சாலை. இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓடும். புளியரை 'எஸ்' வளைவில் 2024 பிப்ரவரியில் ஒரு லாரி, சாலையிலிருந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்து டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி, நள்ளிரவில் டார்ச் லைட்டைக் காட்டிக்கொண்டே தண்டவாளத்தில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். ஒரு டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனவே, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். கறுப்பு, நீல வேட்டிகள் இருட்டில் தெரியவே தெரியாது. பையின் முன்னும் பின்னும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் ஆளும் கடைசி ஆளும் டார்ச் வைத்திருக்க வேண்டும். காலை 5 மணி முதல் 10 மணி வரையும், மாலை 3:30 முதல் 6 மணி வரையும் நடந்தால் போதும். இரவு நடை வேண்டாம். நடக்கும்போது காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

குறுக்குவழி என்று ரயில் பாதையில் இறங்குவதும் தப்பு. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே குகைப் பாதை இருக்கிறது. உள்ளே ரயில் வந்தால் ஒதுங்க இடம் தேட முடியாது.

காலும் பையும்

வெறும் காலில் நடப்பது பலரின் வேண்டுதல். ஆனால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கண்ணாடித் துண்டு குத்தினாலும், தார் சுட்டாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண்ணே பிறகு காலை எடுக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விடும். அவர்கள் டாக்டரிடம் கேட்டு, குருசாமியிடமும் சொல்லிவிட்டு, பழகிய செருப்பு அணிந்து நடப்பதே சரி. புதுச் செருப்பு யாருக்குமே ஆகாது.

தங்கும் இடத்துக்கு வந்ததும் காலைக் கழுவி, துடைத்து, பாதத்தை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வது நல்லது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தானாக உடைந்தால் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். காட்டுப் பகுதியில் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல், கொஞ்சம் உப்பு வைத்தால் விழுந்துவிடும்.

பையில் எடை குறைய வேண்டும். இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, துண்டு, போர்வை, மழைக்கோட்டு, டார்ச், பவர் பேங்க், ஆதார் அட்டை, தரிசன முன்பதிவுச் சீட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆகியவை போதும். இருமுடியில் பிளாஸ்டிக் வேண்டாம். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் போன்றவற்றையும் தவிர்க்கும்படி திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. பம்பையில் துணியை விட்டு வருவதும் சடங்கு கிடையாது; ஆற்றைக் கெடுப்பதுதான் மிச்சம்.

ஒரே விரதச் சாப்பாட்டை நாள் முழுக்கத் தள்ளிப்போடாமல், இட்லி, வாழைப்பழம், வேர்க்கடலை, கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தாகம் எடுக்கும் முன்னரே தண்ணீர் குடிக்க வேண்டும். கேரளக் கடைகளில் தரும் கொதிக்கவைத்த சுக்கு வெள்ளம் வயிற்றுக்கு நல்லது.

பாதியில் ஏறிக்கொள்வது தோல்வி அல்ல

இந்த வழியின் நல்ல அம்சம், புனலூர் வரை கூடவே ரயில் பாதை வருகிறது. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என ஸ்டேஷன்கள் உண்டு. ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தை முன்பே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கேரள அரசு பஸ்களும் ஓடுகின்றன. முடியாதவரை, துணைக்கு ஒருவரோடு அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்து, அங்கே ஓய்வெடுக்கச் செய்யலாம். மறுநாள் அவர் மறுபடி சேர்ந்து நடக்கட்டும். யாரை, எப்போது பஸ் ஏற்றுவது என்பதைக் குருசாமி முடிவு செய்வார் என்று கிளம்பும் முன்னரே எல்லோரும் ஒப்புக்கொண்டால், வழியில் ரோஷத்துக்கு இடமிருக்காது.

மலைப்பகுதியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. தினமும் மாலை ஒருவர் மட்டும் பேசி, அவர் எல்லார் வீட்டுக்கும் தகவல் சொல்லும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் எண், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஒன்றுதான்.

கடைசி 5 கிலோமீட்டர்

பத்து நாள் நடந்து வந்தவர்களும் ஏமாந்துவிடும் இடம், பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறும் 5 கி.மீ. நீலிமலையும் அப்பாச்சிமேடும் செங்குத்தான ஏற்றம். ஒவ்வொரு சீசனிலும் மாரடைப்பு வருவது இங்கேதான். அதனால்தான் இதய சிகிச்சை மையங்களும் ஆக்ஸிஜன் வசதியும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். உபரி நாளைப் பம்பையில் ஓய்வுக்குச் செலவழித்துவிட்டு ஏறுவது புத்திசாலித்தனம். ஏற்றம் குறைவான சுவாமி ஐயப்பன் சாலை வழியாகவும் போகலாம். முடியாதவர்களுக்கு டோலி இருக்கிறது. மார்பு வலி, தலைசுற்றல், அதிக வியர்வை வந்தால், 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஏறாமல் உடனே உட்கார்ந்து உதவி கேட்க வேண்டும்.

பதினெட்டாம்படி ஏறி ஐயனைப் பார்க்கும்போது, எத்தனை நாளில் நடந்து வந்தோம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஊருக்குத் திரும்பினால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "எல்லா சாமியும் நல்லபடியா வந்துட்டீங்களா?" என்பதுதான். அதற்கு "ஆமா" என்று சொல்ல முடிந்தால், அந்த யாத்திரை நல்ல யாத்திரை. சாமியே சரணம்!